சிங்கம் இல்லாத சர்க்கஸ்!

“சர்க்கஸுக்குப் போகலாமா?”

விடுமுறை நாளில் வீட்டில் இப்படி ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். ஒரே வீட்டில் மூன்று விதமான கேள்விகள் கிளம்பும்.

“சிங்கம் உண்டா?” என்பார் தாத்தா.

“டிக்கெட் என்ன விலையாம்?” என்பார் அப்பா.

“சர்க்கஸ்னா என்ன தாத்தா?” என்பாள் பேத்தி.

தாத்தா பார்த்த சர்க்கஸில் சிங்கம் நெருப்பு வளையத்துக்குள் பாய்ந்தது. புலி முக்காலியில் ஏறி உட்கார்ந்தது. கரடி சைக்கிள் ஓட்டியது. அப்பாவின் சின்ன வயதிலும் இவையெல்லாம் இருந்தன. பேத்தி பார்க்கப் போகும் சர்க்கஸில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. சட்டப்படி இருக்கவும் கூடாது.

அப்படியானால் அங்கே என்னதான் மிச்சம் இருக்கிறது? குடும்பத்தோடு புறப்பட்டுப் போய், சாயங்காலம் முழுவதும் பலகையில் உட்கார்ந்துவிட்டு வருவதற்கு அது தகுமா?

பதில் கூடாரத்துக்குள் இருக்கிறது. ஆனால், அந்தக் கூடாரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு உள்ளே நுழைந்தால் வேடிக்கை இரட்டிப்பாகும்.

வானத்தில் ஓர் அழைப்பிதழ்

ஊருக்கு சர்க்கஸ் வந்துவிட்டது என்பதை அந்தக் காலத்தில் யாரும் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டியதும் வானத்தில் ஒரு வெளிச்சக் கற்றை சுழலும். அதுதான் ‘சர்ச் லைட்’. சுற்று வட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் அதுவே அழைப்பிதழ். பகலில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத் தெருவாக வரும். கலர் கலராக நோட்டீசுகள் பறக்கும். வண்டிக்குப் பின்னால் சிறுவர் பட்டாளம் ஓடும்.

நேற்றுவரை வெறும் பொட்டலாகக் கிடந்த மைதானத்தில் லாரிகள் வந்து நிற்கும். நடுவில் பெரிய கம்பங்கள் நிமிரும். சுற்றிலும் இரும்பு முளைகள் அடிக்கப்படும். கூடாரத் துணியைக் கயிறு கட்டி உச்சிக்கு இழுத்து ஏற்றுவார்கள்.

பெரிய கூடாரத்துக்குப் பின்னால் சின்னச் சின்னக் கூடாரங்கள் வரிசையாக முளைக்கும். அவைதான் கலைஞர்களின் வீடுகள். அங்கே அடுப்பு எரியும். கொடியில் துணி காயும். ஒரு கைக்குழந்தை அழும். முன் வாசலில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் டிக்கெட்டுக்கு நிற்கும்போது, பின்பக்கத்திலும் குடும்பங்கள் இருக்கின்றன என்பது பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

உள்ளே நுழைந்தால் உட்காரும் இடத்திலும் வகை உண்டு. வளையத்தை ஒட்டி நாற்காலிகள். அதற்குப் பின்னால் பெஞ்சுகள். கடைசியில் படிப்படியாக உயரும் பலகைகள். இந்தப் பலகைகளுக்கு ‘கேலரி’ என்று பெயர். காசு குறைவு. ஆனால் அந்தரத்தில் நடக்கும் வித்தைகளைப் பார்க்க இதுதான் வசதியான இடம். கழுத்து வலிக்காது!

வட்டம் ஏன்?

சர்க்கஸ் நடக்கும் இடம் ஏன் வட்டமாக இருக்கிறது? நாடக மேடை போலச் சதுரமாக இருந்தால் என்ன?

இதற்குக் காரணம் ஒரு குதிரைக்காரர். இங்கிலாந்தில் குதிரைப் படையில் இருந்த பிலிப் ஆஸ்ட்லி என்பவர், 1768-ஆம் ஆண்டில் லண்டனில் குதிரைச் சவாரி வித்தைகளைக் காட்டத் தொடங்கினார். குதிரை நேராக ஓடினால் பார்ப்பவர் கண்ணை விட்டு மறைந்துவிடும். வட்டமாக ஓடினால் எல்லோருக்கும் தெரியும். அதோடு இன்னொரு நன்மையும் இருந்தது. வட்டத்தில் சீரான வேகத்தில் ஓடும் குதிரை உட்புறமாகச் சாயும். அதன் முதுகில் நிற்பவனும் அதே அளவு சாய்ந்து நின்றால் விழாமல் நிற்கலாம்.

பல அளவுகளைச் செய்து பார்த்த பிறகு 42 அடி விட்டமுள்ள வட்டம் நிலைத்தது. இன்றுவரை உலகம் முழுவதும் சர்க்கஸ் வளையத்துக்கு இதுவே ஆதார அளவு.

குதிரைச் சவாரிக்கு நடுவே ஜனங்களுக்கு அலுப்புத் தட்டாமல் இருக்க, கயிற்றில் நடப்பவர்களையும், குட்டிக்கரணம் போடுபவர்களையும், கோமாளிகளையும் ஆஸ்ட்லி சேர்த்துக்கொண்டார். இன்றைய சர்க்கஸின் விதை அதுதான். சிங்கமும் புலியும் பின்னால் வந்து சேர்ந்தவை. தாத்தா ‘உயிர்’ என்று நினைக்கும் சிங்கம், சர்க்கஸ் பிறந்தபோது அதில் இருக்கவே இல்லை!

பம்பாயிலிருந்து தலைச்சேரிக்கு

நம் நாட்டுக்கு சர்க்கஸ் வந்தது ஒரு ரோஷத்தினால் என்று சொல்வார்கள்.

இத்தாலியரான ஜூசெப்பே கியாரினி தன்னுடைய பெரிய சர்க்கஸை பம்பாய்க்குக் கொண்டுவந்தார். ‘இந்தியர்களால் இப்படி ஒரு சர்க்கஸ் நடத்த முடியாது’ என்ற பேச்சு அங்கே எழுந்ததாம். அதைக் கேட்டுக் கிளர்ந்தவர் விஷ்ணுபந்த் சத்ரே. மராட்டியர். குருந்த்வாட் சமஸ்தானத்தில் குதிரைகளைப் பழக்குவதில் கெட்டிக்காரர். 1880-ஆம் ஆண்டிலேயே ‘கிரேட் இந்தியன் சர்க்கஸ்’ என்ற பெயரில் தம்முடைய கூடாரத்தை எழுப்பிவிட்டார். இந்தியர் நடத்திய முதல் நவீன சர்க்கஸ் அதுவே.

சத்ரேயின் சர்க்கஸ் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு, அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த மலபார் ஜில்லாவுக்கு வந்தது. தலைச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற தேகப் பயிற்சி ஆசிரியர் இருந்தார். களரிப் பயிற்சியிலும் தேர்ந்தவர். சர்க்கஸைப் பார்த்ததும் அவருக்கு ஒன்று புரிந்தது. சத்ரேயிடம் குதிரைகள் இருந்தன, மிருகங்கள் இருந்தன. களரியில் பழகிய உடம்புகள் மலபாரில் இருந்தன. இரண்டும் சேர்ந்தால்?

சேர்ந்தன. 1901-ஆம் ஆண்டில் தலைச்சேரியை அடுத்த சிறக்கரையில் குஞ்ஞிக்கண்ணன் ஒரு சர்க்கஸ் பள்ளிக்கூடம் தொடங்கினார். அவருடைய சீடரான பரியாலி கண்ணன் 1904-ல் ‘கிராண்ட் மலபார் சர்க்கஸ்’ என்ற கம்பெனியை ஆரம்பித்தார். அதைப் பின்பற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள் முளைத்தன. இந்தியாவில் எந்த ஊரில் சர்க்கஸ் நடந்தாலும், அந்தரத்தில் பறப்பவர்களில் ஒருவராவது தலைச்சேரிப் பக்கத்துக்காரராக இருப்பார் என்னும் நிலைமை ஏற்பட்டது.

அந்த வழியில் வந்தவர்தான் ‘ஜெமினி’ சங்கரன். ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியவர். ஒரு நண்பருடன் சேர்ந்து, நொடித்துக் கிடந்த ஒரு சின்ன சர்க்கஸை 6,000 ரூபாய்க்கு வாங்கினார். அதற்குத் தம்முடைய ராசியின் பெயரையே வைத்தார். மிதுன ராசிக்கு ஆங்கிலத்தில் ஜெமினி. 1951 ஆகஸ்டு 15-ஆம் தேதி குஜராத்தில் உள்ள பிலிமோரா என்ற ஊரில் ஜெமினி சர்க்கஸின் முதல் காட்சி நடந்தது. சென்னையில் இருந்த ஜெமினி ஸ்டூடியோவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 1977-ல் ஜம்போ சர்க்கஸும் அவர் கைக்கு வந்தது. 2023-ஆம் ஆண்டில் தம்முடைய 99-வது வயதில் அவர் காலமானார்.

வெள்ளித் திரையில்

கூடாரத்துக்குப் போக முடியாத தமிழ்க் குடும்பங்களுக்கு, கூடாரத்தையே சினிமாக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார் எஸ்.எஸ். வாசன். 1948-ல் வெளிவந்த ‘சந்திரலேகா’வில், வில்லனிடமிருந்து தப்பிய கதாநாயகி டி.ஆர். ராஜகுமாரி சர்க்கஸ் கோஷ்டியில் சேர்ந்து ஊஞ்சலில் பறப்பார். இந்தக் காட்சிகளுக்காகக் கமலா சர்க்கஸையே வரவழைத்துப் படம் பிடித்தார்கள். 1966-ல் எம்.ஜி.ஆர். நடித்த ‘பறக்கும் பாவை’யில் கதையே சர்க்கஸில்தான் நடந்தது. 1989-ல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் கமல்ஹாசன் ஏற்ற அப்பு வேடம், ஒரு சர்க்கஸ் கோமாளி.

ஆனால் சினிமாவுக்கும் கூடாரத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சினிமாவில் தவறிவிட்டால் மறுபடி படம் பிடிக்கலாம். கூடாரத்தில் தவறினால் கீழே வலை மட்டும்தான்.

சிங்கம் எங்கே போயிற்று?

இப்போது தாத்தாவின் கேள்விக்கு வரலாம்.

சிங்க வித்தைக்கு முன்னால் வளையத்தைச் சுற்றி இரும்புக் கம்பிகளை அடுக்குவார்கள். அந்த நேரத்தில் ஜனங்கள் சலித்துக்கொள்ளாமல் இருக்கக் கோமாளி ஓடி வருவான். கம்பி வேலை முடிந்ததும் விளக்குகள் மங்கும். கூண்டுப் பாதையில் சிங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சவுக்கு ‘படார்’ என்று சொடுக்கும். கர்ஜனையில் குழந்தைகள் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அந்த நிமிடத்தை ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு ஆயுளுக்கும் மறக்காது. தாத்தாவைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த நிமிடத்துக்குப் பிறகு சிங்கம் எங்கே போயிற்று? சக்கரம் வைத்த ஒரு கூண்டுக்கு. திரும்பிப் படுக்கத்தான் அதில் இடம். அடுத்த காட்சி வரையில் அதுதான் அதன் காடு. அடுத்த ஊர் வரையிலும் அதுதான். நெருப்பைக் கண்டால் விலகி ஓடுவது மிருகத்தின் இயல்பு. அது நெருப்பு வளையத்துக்குள் பாய்கிறதென்றால், நெருப்பை விடவும் பயங்கரமான ஒன்றைப் பார்த்து அது பயந்திருக்க வேண்டும் அல்லவா?

1998-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றை வித்தை காட்டப் பழக்கவோ, காட்சிக்கு நிறுத்தவோ கூடாது என்றது. சர்க்கஸ் முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கேரள உயர்நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் உத்தரவு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. மனிதர்களுக்கு உரிமை உண்டு என்றால் மிருகங்களுக்கு ஏன் இருக்கக் கூடாது என்ற கேள்வியையும் அந்தத் தீர்ப்பு எழுப்பியது. 2001 மே மாதத்தில் உச்சநீதிமன்றமும் தடையை உறுதி செய்தது.

சர்க்கஸில் இருந்த சிங்கங்களையும் புலிகளையும் வைத்துக் காப்பாற்றுவதற்கு மீட்பு மையங்கள் அமைந்தன. பெங்களூரை அடுத்த பன்னேர்கட்டா, திருப்பதி, விசாகப்பட்டினம் ஆகிய இடங்களில் உண்டு. சென்னை வண்டலூரிலும் உண்டு. பிறந்தது முதல் சிமெண்டுத் தரையையும் இரும்பையும் தவிர வேறு எதையும் மிதித்து அறியாத சிங்கங்கள் அங்கே முதல் தடவையாக மண்ணில் நடந்தன.

இப்படிச் சொன்னால், தாத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பிறகு, “அதுவும் நியாயந்தான்” என்பார்.

சட்டம் இன்னொரு வாசலையும் அடைத்தது. முன்பெல்லாம் ஆறு ஏழு வயதுக் குழந்தைகளையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. எலும்பு இளசாக இருக்கும்போது வளைத்தால்தான் வளையும் என்பார்கள். ஏழைப் பெற்றோர்களிடமிருந்து, நேபாளத்திலிருந்தும்கூட, பிள்ளைகள் கொண்டுவரப்பட்டார்கள். பள்ளிக்கூடம் கிடையாது, வீட்டுக்குப் போக வழி கிடையாது. 2011 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைக்கும்படி கூறியது. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கத் தடை விதிக்க வேண்டும், அங்கே இருப்பவர்களை மீட்க வேண்டும் என்று அரசுக்கு உத்தரவிட்டது.

கைதட்டுகிற சிறுமியின் வயதில் இருக்கும் இன்னொரு சிறுமி, உள்ளே கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டாம் அல்லவா?

அந்தரத்தில் 2 விநாடி

மிருகங்கள் போயின. குழந்தைகளும் போனார்கள். இனி பேத்தியின் கேள்வி. ‘சர்க்கஸ் என்றால் என்ன?’

அதற்குப் பதில் கூடாரத்தின் உச்சியில் இருக்கிறது. ‘பார்’ விளையாட்டு!

இதைக் கண்டுபிடித்தவர் பிரெஞ்சுக்காரரான ஜூல் லியோடார். அவருடைய தந்தை தேகப் பயிற்சிக் கூடம் வைத்திருந்தார். அங்கே இருந்த நீச்சல் குளத்துக்கு மேலே ஊஞ்சல் கட்டி மகன் பழகினார். தவறினால் தண்ணீரில் விழலாம். 1859 நவம்பர் 12-ஆம் தேதி பாரிஸ் நகரில், ஓர் ஊஞ்சலிலிருந்து இன்னோர் ஊஞ்சலுக்குப் பறந்து காட்டினார். பார்த்தவர்கள் மூச்சுவிட மறந்தார்கள். கீழே வலை கிடையாது; மெத்தைகள் மட்டுமே.

இன்று கூடாரத்தில் நடப்பதைக் கூர்ந்து பாருங்கள். ஒரு பக்கத்து ஊஞ்சலில் பறப்பவள் இருக்கிறாள். எதிர்ப்பக்கத்து ஊஞ்சலில் ஒருவன் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்குகிறான். அவன்தான் பிடிப்பவன். கைதட்டல் எல்லாம் பறப்பவளுக்குத்தான். ஆனால் உயிர் அவன் கையில்.

ஊஞ்சல் ஆடும் நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஆடுகிறவர் குண்டா ஒல்லியா என்பதைப் பொறுத்து அது மாறாது. கயிற்றின் நீளத்தைப் பொறுத்தே மாறும். சுமார் 13 அடி நீளமுள்ள ஊஞ்சல் ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய 4 விநாடி ஆகும். அப்படியானால், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக 2 விநாடி. அதற்குள் கையை விட வேண்டும். குட்டிக்கரணம் போட வேண்டும். எதிரே வருகிறவனிடம் போய்ச் சேர வேண்டும். அரை விநாடி பிந்தினாலும் அங்கே கை இருக்காது, காற்றுத்தான் இருக்கும்.

இந்தத் தொழிலில் ஒரு பால பாடம் உண்டு. பறப்பவள் பிடிக்கப் போகக் கூடாது. கையை நீட்டிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். பிடிப்பது பிடிப்பவனின் வேலை. இருவரும் பாய்ந்து பாய்ந்து பிடிக்கப் பார்த்தால் மணிக்கட்டு முறியும். விரல்களை விரல்கள் பற்றுவதும் இல்லை. மணிக்கட்டை மணிக்கட்டு பற்ற வேண்டும். ஒருவர் நழுவினாலும் மற்றவர் பிடி இருக்கும்.

“ஐயையோ, அந்தப் பொண்ணு விழுந்துடப் போறா!” என்று பாட்டி கண்ணை மூடிக்கொள்வாள். பேத்தி கண்ணைத் திறந்துகொண்டு பார்ப்பாள். இன்னொருவர் பிடிப்பார் என்று நம்பி ஒருத்தி கையை விடுகிறாள். அந்த நம்பிக்கையைக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

இதிலும் மனிதன் படிப்படியாக ஏறியிருக்கிறான். அந்தரத்தில் 3 கரணம் போட்டுப் பிடி தவறாமல் சேர்வதை ‘மரணக் கரணம்’ என்று அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. ஆல்பிரடோ கொடோனா 1920 வாக்கில் அதை வழக்கமான வித்தையாகவே செய்து காட்டினார். அடுத்த படிக்கு ஏற 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1982-ல் அமெரிக்காவில் மிகுவல் வாஸ்க்வெஸ் ஒரு காட்சியில் 4 கரணம் போட்டார். தலைகீழாகத் தொங்கி அவரைப் பிடித்தவர் அவருடைய சொந்த அண்ணன் ஜுவான்.

கோமாளியின் ரகசியம்

பார் விளையாட்டின் முடிவில் கோமாளியும் மேலே ஏறுவான். நூலேணியில் கால் சிக்கும். ஊஞ்சலைப் பிடிக்கப் போய் இன்னொருவரின் காலைப் பிடிப்பான். கால்சட்டை கழன்று கீழே விழும். கடைசியில் ‘தொப்’பென்று வலையில் விழுவான். குழந்தைகள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

ஆனால் விழுவது சுலபம் அல்ல. வலையில் காலை ஊன்றி விழுந்தால் கால் முறியும். தலைகுப்புற விழுந்தால் கழுத்து முறியும். முதுகு முழுவதும் படும்படி விழ வேண்டும். ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று காட்டுவதற்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். சரியாகப் பறக்கத் தெரிந்தவனால்தான் தப்பாகப் பறந்து சிரிக்க வைக்க முடியும்.

அடுத்து, இரும்புக் கோளத்துக்குள் மோட்டார் சைக்கிள்கள் உறுமும். தலைகீழாக ஓடும்போதும் அவை விழுவதில்லை. மந்திரம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஆஸ்ட்லியின் குதிரையைச் சாய வைத்த அதே விதிதான். வட்டமாகச் சுழலும் வேகம் சக்கரத்தைச் சுவரோடு அழுத்தி வைத்திருக்கிறது. வெளியே சாலையில் வேகம் ஆபத்து. இந்தக் கோளத்துக்குள் வேகம் குறைவதுதான் ஆபத்து! வீட்டுக்குத் திரும்பும்போது இந்த விளக்கத்தைப் பையனுக்குச் சொல்ல மறக்காதீர்கள். இல்லாவிட்டால் உங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுவரில் ஏறப் பார்ப்பான்.

டிக்கெட் பணம் எங்கே போகிறது?

இனி அப்பாவின் கேள்வி. நாலு பேர் போனால் செலவு ஆகத்தான் செய்யும். முறுக்கு, பஞ்சு மிட்டாய் தனி. சினிமாவுக்குப் போகலாமே என்றுகூடத் தோன்றும்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சினிமாப் படத்தை ஒருமுறை எடுத்துவிட்டால் ஆயிரம் கொட்டகைகளில் ஓட்டலாம். சர்க்கஸை ஒவ்வொரு காட்சியிலும் புதிதாகச் செய்து காட்ட வேண்டும். மத்தியானம் பறந்தவளே மாலையிலும் பறக்கிறாள். இரவிலும் அவளேதான். மைதான வாடகை, லாரி வாடகை, விளக்குக்கு மின்சாரம், ஆட்களுக்குச் சம்பளம், பின் கூடாரத்து அடுப்புக்கு அரிசி எல்லாம் இந்த டிக்கெட் பணத்தில்தான். மழை பிடித்துக்கொண்டால் மைதானம் சேறாகும். காட்சி நின்றுவிடும். ஆனால் அடுப்பு எரிந்தாக வேண்டும்.

2020 மார்ச் மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, கம்பெனிகள் எந்த ஊரில் நின்றனவோ அந்த ஊரிலேயே சிக்கிக்கொண்டன. காட்சி இல்லை, வருமானம் இல்லை. அக்கம்பக்கத்தார் கொடுத்த அரிசியிலும் காய்கறியிலும் நாட்களைக் கடத்தினார்கள். அதற்கு முன்பே டெலிவிஷனும் பிறகு கைப்பேசியும் கூட்டத்தைக் குறைத்திருந்தன. மூடிய கூடாரங்களில் சில மறுபடி எழவே இல்லை. எழுந்தவை, குடும்பத்தோடு வருகிற ஜனங்களை நம்பியே நிற்கின்றன.

வாசலைப் பார்த்து வையுங்கள்

போவதென்று முடிவு செய்துவிட்டால் ஒரு காரியம் செய்யுங்கள். உட்கார்ந்தவுடன் முதலில் வெளியே போகும் வழிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வையுங்கள்.

இது பயமுறுத்துவதற்காக அல்ல. 1944-ல் அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரில் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றி 160 பேருக்கு மேல் மாண்டார்கள். மழைநீர் ஒழுகாமல் இருக்கக் கூடாரத் துணியில் மெழுகையும் பெட்ரோலையும் கலந்து பூசியிருந்தார்கள். அதனால் சில நிமிடங்களில் கூடாரம் முழுவதும் எரிந்துவிட்டது. 1981 பிப்ரவரி 7-ஆம் தேதி நமக்குப் பக்கத்தில் பெங்களூரிலும் ஒரு சர்க்கஸ் கூடாரம் எரிந்தது. 92 பேர் பலியானார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். தீயில் சிக்கியவர்களைப் போலவே நெரிசலில் சிக்கியவர்களும் உண்டு.

ஆகவே, நடைவழியில் மூட்டை முடிச்சுகளை வைக்காதீர்கள். கூடாரத்துக்குள் தீக்குச்சி கிழிக்காதீர்கள்; கிழிப்பவரைக் கண்டால் தடுங்கள். குழந்தை தனியாகப் பிரிந்துவிட்டால் எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காட்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே வாசலில் முண்ட வேண்டாம். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் கூட்டம் தானே கலையும்.

கைதட்ட மறக்காதீர்கள்

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லிக் கொடுங்கள். எப்போது கைதட்ட வேண்டும் என்பதை!

வித்தை பலித்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். சில நாட்களில் பலிக்காது. பறந்தவளின் கை, பிடிப்பவன் கைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் தவறிப்போகும். ‘ஆ’ என்று கூடாரமே அலறும். அவள் வலையில் விழுந்து, இரண்டு முறை எழும்பி, விளிம்பைப் பிடித்துக் கீழே குதிப்பாள். உடையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொள்வாள். சபைக்கு ஒரு கும்பிடு போடுவாள். பிறகு நேரே நூலேணியை நோக்கி நடப்பாள்.

அவள் மறுபடி ஏறுவாள். மேலே பலகையில் நின்று கையில் மாவைத் தடவிக்கொள்வாள். எதிர்ப்பக்கத்தில் அவன் மறுபடி தலைகீழாகத் தொங்கி ஆடத் தொடங்குவான். பேண்டு வாத்தியம் நிற்கும். தாத்தா, அப்பா, பேத்தி என்று கூடாரத்தில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கைதட்ட வேண்டிய நேரம் அதுதான். அவள் கையை விடுவதற்கு முன்பே தட்டுங்கள்.